வேலூரிலிருந்து வந்துகொண்டிருந்த சித்தப்பா

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஆவணி மாதம். பெங்களூருவில் ஓசூர் ரோடு பக்கம் இருக்கும் ஒரு பெரிய மருத்துவமனையின் மூன்றாவது மாடி. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே, ஒரு புதன்கிழமை நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். இதுவரை இரண்டே பேரிடம்தான் முழுதாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவையும் பாதியில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் முடித்தேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். தாத்தா மைசூர் சர்க்கார் வேலைக்காக வந்தவர். நான் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடமாக அளவு பார்க்கும் வேலையில் இருக்கிறேன். இயந்திரத்துக்குப் போகும் பாகம் ஒரு மயிரிழை தடித்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்படிப்பட்ட நான் இன்னொரு பக்கம் சரியான பஞ்சாங்கப் பைத்தியம். பையில் ஒரு பஞ்சாங்கம், கைபேசியில் ஒன்று. சொந்தக்காரர்கள் வீடு பார்க்க, பெண் பார்க்க, கார் எடுக்க எல்லாவற்றுக்கும் எனக்குத்தான் போன் செய்வார்கள். எங்கள் தொழிற்சாலையில் புது மெஷின் வந்தால்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார்கள்.

இதற்காக என்னை விடாமல் கிண்டல் செய்தவன் என் தம்பி ஒருவன்தான். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். வேண்டுமென்றே ராகு காலம் பார்த்துப் போன் செய்து, “இப்ப காபி குடிக்கலாமாண்ணா?” என்று கேட்பான். நான் திட்டிவிட்டு வைப்பேன். அடுத்த வாரம் மறுபடியும் அதே நேரத்துக்குக் கூப்பிடுவான்.

அந்தத் தம்பிதான் ஞாயிற்றுக்கிழமை மதியம், மழை விட்ட கையோடு ஸ்கூட்டரில் கிளம்பினான். ஆடுகோடி சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் தேங்கியிருந்த பள்ளத்தில் வண்டி இறங்கிவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்தான், ஆனால் வாரை மாட்டவில்லை. விழுந்த வேகத்தில் ஹெல்மெட் தனியாகப் போய்விட்டது. தலையில் பலத்த அடி. நாற்பத்து நான்கு வயது. வீட்டில் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பி.யூ.சி. படிக்கும் ஒரு பெண், எட்டாவது படிக்கும் ஒரு பெண்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் என் மனசு இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று அந்தக் கண்ணாடிக் கதவுக்குள்ளே. இன்னொன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. யாரும் பார்க்காதபோது கைபேசியில் அன்றைய நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நம் பக்கத்தில் ‘அடைப்பு’ என்று ஒன்று உண்டு. அவிட்டத்திலிருந்து ரேவதி வரை ஐந்து நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் ஆறு மாதம் அடைப்பு. இறந்தவர் இருந்த அறையைப் பூட்டி வைக்க வேண்டும், விளக்கு வைக்க வேண்டும். இல்லையென்றால் அதே வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பார்கள். எங்கள் அப்பா அவிட்டத்தில் இறந்தார். சின்ன வீடு, இடம் போதவில்லை என்று இரண்டே மாதத்தில் அறையைத் திறந்துவிட்டோம். ஐந்தாவது மாதம் அம்மா போய்விட்டாள். அம்மாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை, இதயத்திலும் கோளாறு. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம், அந்த அறையைத் திறந்தது என் கை அல்லவா? அந்தப் பயம் எனக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

தம்பி விழுந்த நாளிலிருந்து பார்த்தால் சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி என்று வரிசையாக அடைப்பு நட்சத்திரங்கள். புதன்கிழமை ரேவதி. என் பஞ்சாங்கப்படி அன்று மாலை 6.48 வரை ரேவதி. அதற்குப் பிறகு அசுவினி. அசுவினிக்கு அடைப்பு கிடையாது.

புதன் காலை பத்து மணிக்கு டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். மூளைத்தண்டு வேலை செய்கிறதா என்று நான்கு டாக்டர்கள் சேர்ந்து ஒன்பதரைக்குச் சோதனை செய்து முடித்திருக்கிறார்கள். கண்ணில் ஒளி பட்டால் அசைவில்லை, மூச்சுக்கருவியைச் சற்று நிறுத்திப் பார்த்தால் தானாக மூச்சில்லை. இதே சோதனையை ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை செய்ய வேண்டும் என்பது சட்டம். அதிலும் இதே பதில் வந்தால் இறந்துவிட்டார் என்று எழுதுவார்கள். இரண்டாவது சோதனை எத்தனை மணிக்கோ அதுதான் இறந்த நேரம். இவ்வளவையும் நிதானமாகத்தான் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் என் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டது.

தம்பி மனைவி அழவில்லை. கைப்பையைத் திறந்து தம்பியின் பர்ஸை எடுத்தாள். அதிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதில் உறுப்பு தானம் என்ற இடத்தில் சம்மதம் என்று இருந்தது. போன வருடம் புதுப்பிக்கும்போது தம்பி தானே கேட்டுப் போட்டுக்கொண்டதாம். எனக்கு அது புதுச் செய்தி.

“எது எது குடுக்க முடியுமோ எல்லாத்தையும் எடுத்துக்கோங்க மேடம். அவரு ஆசப்பட்டது. லேட் மட்டும் பண்ணாதீங்க” என்றாள்.

அதற்குப் பிறகு உறுப்பு தான வேலைகளைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் வந்தார். சின்ன வயசுப் பெண், நன்றாகத் தமிழ் பேசினார். விபத்துக் கேஸ் என்பதால் போலீஸ் கடிதம் வேண்டும், அதற்கு ஆள் அனுப்பியிருக்கிறேன் என்றார். எந்தக் காகிதத்தில் எங்கே கையெழுத்து என்று பொறுமையாகக் காட்டினார். இரண்டாவது சோதனை மூன்றரை மணிக்கு.  மூன்றரைக்கும் ஆறு நாற்பத்தெட்டுக்கும் நடுவில் மூன்றே கால் மணி நேரம் இருக்கிறதே!

மதியம் முழுவதும் மாடிப்படியில் ஏறி இறங்கினேன். டாக்டரிடம் போய் நட்சத்திரம் என்று எப்படிச் சொல்வது? நான் படித்தவன், மைக்ரானில் அளவு பார்க்கிறவன். அவர்கள் என்னை என்ன நினைப்பார்கள்? இன்னொரு பக்கம், அந்த இரண்டு பெண் குழந்தைகளும் அவர்கள் அம்மாவும் கண்முன் வந்து நின்றார்கள். திரும்பவும் ஒரு அறையை என் கையாலேயே திறந்துவிட்டது போல ஆகிவிட்டால்?

மூன்று மணிக்கு ஒருங்கிணைப்பாளர் பெண் வந்தார். “டீம் ரெடி சார். மூணரைக்கு ஆரம்பிச்சிடலாமா?”

என் வாய் தானாகத் திறந்தது. “கொஞ்சம் டைம் வேணும்மா. எங்க சித்தப்பா வேலூர்லருந்து வந்துட்டிருக்காரு. தம்பிய வளத்தவரு. அவரு ஒரு தடவ பாத்துட்டா…”

எங்களுக்குச் சித்தப்பா ஒருவர் வேலூரில் இருந்தது உண்மைதான். அவர் இறந்து பதினோரு வருடம் ஆகிறது.

எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார். ஏழுக்குள் வந்துவிடுவார் என்றேன். வீடியோ காலில் காட்டிவிடலாமா என்று கேட்டார். வயதானவர், போனில் பார்த்தால் தாங்கமாட்டார் என்றேன். சொன்ன வேகத்தைப் பார்த்து நானே திடுக்கிட்டேன். அவர் உள்ளே போய் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தார். ரத்த அழுத்தத்தை மருந்து கொடுத்துத்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு மணி நேரமும் கஷ்டம், ஆனாலும் முடிந்தவரை காத்திருக்கிறோம் என்று சொன்னாராம்.

“மேடம்கிட்டயும் சொல்லிட்டேன் சார். சரின்னுட்டாங்க” என்று தம்பி மனைவியைக் காட்டினார். அவள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தாள். இருக்கிற நிலைமையில் அவள் காதில் ஒன்றும் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். நல்லதாகப் போயிற்று என்றும் நினைத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மூன்றாவது மாடி, தரைத்தளம், மறுபடி மூன்றாவது மாடி. நாலு மணிக்குக் கீழே கேன்டீன் பக்கம் போனேன். அங்கே ஒரு நாற்காலியில் முப்பது முப்பத்தைந்து வயதுள்ள ஒருவர் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கி, கை மட்டும் மெலிந்து இருந்தது. பக்கத்தில் மனைவி. மடியில் தடியான ஒரு ஃபைல், காலடியில் துணிப்பை, அதன்மேல் ஒரு டிபன் கேரியர். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, “ஊட்டா ஆய்த்தா?” என்று கேட்டேன். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பது எங்கள் ஊரில் வணக்கம் சொல்வது மாதிரி. யாரும் அதற்குப் பதிலை எதிர்பார்ப்பதில்லை.

அவர் பதில் சொன்னார். சாப்பிடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களாம். காலை பத்தரைக்குப் போன் வந்ததாம். சிறுநீரகம் ஒன்று கிடைக்கலாம், நிச்சயமில்லை, எதற்கும் வெறும் வயிற்றோடு வந்து இருங்கள் என்றார்களாம். நாலு வருடமாக டயாலிசிஸ். இப்படிக் கூப்பிட்டு வந்து உட்காருவது மூன்றாவது தடவை என்றார் கன்னடத்தில். முதல் இரண்டு தடவை வேறு ஒருவருக்குப் பொருந்திவிட்டது. யாரோ மேலே இருக்கிறார்கள், அவர்கள் வீட்டு ஆட்கள் மனசு வைத்திருக்கிறார்கள், அந்த மகராசர்கள் நன்றாக இருக்கட்டும் என்று அந்த மனைவி கையெடுத்துக் கும்பிட்டார். யாரைப் பார்த்துக் கும்பிடுகிறோம் என்று அவருக்குத் தெரியாது.

எனக்கும் உறுதியாகத் தெரியாது. யார் உறுப்பு யாருக்கு என்று சொல்லமாட்டார்கள், கேட்கவும் கூடாது. ஆனால் ஒன்பதரைக்குச் சோதனை, பத்தரைக்குப் போன். கணக்குப் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அங்கேயே எழுந்து மேலே போய், சித்தப்பா வரவில்லை, ஆரம்பியுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்தேன். மேலேயும் போனேன். லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு இருபது. இன்னும் இரண்டரை மணி நேரம்தானே என்று மனசு சொன்னது. பேசாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

ஒருங்கிணைப்பாளர் பெண் அரை மணிக்கு ஒரு தடவை வந்து கேட்டார். நான் சித்தப்பாவை ஊர் ஊராக நகர்த்தினேன். நாலரைக்குக் கிருஷ்ணகிரி. ஐந்துக்குச் சூளகிரி. ஐந்தரைக்கு ஓசூர் தாண்டிவிட்டார். இறந்துபோன மனிதர், பாவம், அந்த வயசில் அப்படி ஒரு பிரயாணம்.

“அத்திப்பள்ளில செம டிராஃபிக் சார் இந்த டைம்ல. வண்டி நம்பர் குடுங்க. கேட்ல சொல்லிடறேன், நிறுத்தாம நேரா மேல அனுப்புவாங்க.”

என் காரின் எண்ணையே கொடுத்தேன். அது அதே மருத்துவமனையின் அடித்தளத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர் அதைக் கையிலேயே எழுதிக்கொண்டு ஓடினார்.

ஐந்து நாற்பதுக்கு உள்ளே மணி அடிக்க ஆரம்பித்தது. நர்ஸ்கள் ஓடினார்கள். தம்பி மனைவியை வெளியே அனுப்பினார்கள். அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது, மருந்துக்குக் கேட்கவில்லை என்று ஒருவர் வந்து சொன்னார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது அசுவினியை மறந்தேனா என்றால் இல்லை. இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் ஒரே ஒரு மணி நேரம் என்றுதான் வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியிடம் என்று தெரியாது.

ஆறு பத்துக்குத் தம்பியின் இதயம் நின்றுவிட்டது. இரண்டாவது சோதனை நடக்கவே இல்லை.

டாக்டரம்மா வெளியே வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். இனி சிறுநீரகம், கல்லீரல் எதுவும் முடியாது. பின்னாலேயே வந்த ஒருங்கிணைப்பாளர் பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. என் அருகில் வந்து, “கடைசில உங்க சித்தப்பா பாக்க முடியாமப் போயிடுச்சே சார்” என்றார்.

என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது.

தம்பி மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எதுவுமே முடியாதா என்று. கண்கள் முடியும் என்றார்கள். கண்ணாவது எடுத்துக்கோங்க என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நான் ஊருக்குப் போன் செய்யப் போவதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே அந்த இருவர். மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டிபன் கேரியரைத் திறந்து கணவர் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். “ஊட்டா மாடோணா” என்றார். சாப்பிடலாம், அவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை. அவர் என்னைப் பார்த்து, உங்கள் ஆள் எப்படி இருக்கிறார் என்று கன்னடத்தில் கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார்.

மறுநாள் வீட்டுக்கு வந்த சாஸ்திரிகள் நேரத்தைக் கேட்டார். ஆறு பத்து என்றேன். அவர் தன் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். நான் பார்ப்பது வாக்கியப் பஞ்சாங்கம், அப்பா பார்த்தது. அவர் வைத்திருந்தது திருக்கணிதம். இரண்டுக்கும் நேரத்தில் வித்தியாசம் உண்டு என்பது எனக்குத் தெரியாத விஷயமா?

“நாலு பத்துக்கே அசுவினி வந்துடுத்தே. அடைப்பெல்லாம் கிடையாது, கவலப்படாதீங்கோ” என்றார். வீட்டில் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். நாலு இருபதுக்கு நான் லிஃப்ட் வாசலில் நின்று கடிகாரம் பார்த்தேனே, அப்போதே அந்தப் புத்தகப்படி எல்லாம் சரியாகியிருந்தது. நம்புவது என்று முடிவு செய்தவன், அதையாவது உருப்படியாகப் பார்த்திருக்கலாம்.

எட்டு மாதம் போயிற்று. யாரிடமும் மூச்சு விடவில்லை. கேட்டவர்களிடம் அழுத்தம் இறங்கிவிட்டது என்றேன். பொய் இல்லை. உண்மையில் பாதி.

அப்புறம் ஒரு நாள் போன் வந்தது. தலையில் பலத்த அடிபட்டுத் தீவிர சிகிச்சையில் இருந்தவர்களின் குடும்பங்களைச் சந்தித்துப் பேசும் ஓர் ஆராய்ச்சியாம். தானத்துக்குச் சம்மதித்த பிறகும் சில இடங்களில் அது நடக்காமல் போகிறது, அந்தச் சில மணி நேரங்களில் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறோம் என்றார்கள். தம்பி மனைவி ஏற்கெனவே பேசிவிட்டாளாம், அடுத்து நான். ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு விவேக் நகரிலிருந்து ஒரு பெண் வந்தார். அச்சிட்ட படிவம் ஒரு கட்டு, குரலைப் பதிவு செய்யும் சின்னக் கருவி. பெயர் எங்கேயும் வராது என்று முதலிலேயே சொன்னார்.

வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நிறுத்தினார். மருத்துவமனை ஃபைலில், வெளியூரிலிருந்து உறவினர் வர வேண்டி குடும்பத்தார் அவகாசம் கேட்டார்கள் என்று இருக்கிறது என்றார். வேறு சில குடும்பங்களிலும் இப்படி இருக்கிறதாம். அதனால் உறவினர் வரும்வரை அவகாசம் தருவதை ஒரு முறையாகவே வைக்கலாமா என்று யோசிக்கிறார்களாம்.

“உங்க அனுபவத்துல அந்த டைம் குடுத்தது உபயோகமா இருந்துச்சா சார்?”

அவர் பேனா ஒரு கட்டத்தின்மேல் நின்றது. முப்பது வருடம் அளவு பார்த்தவன் நான். தப்பான அளவு ஒன்று ஏட்டில் ஏறிவிட்டால், அதை நம்பிச் செய்கிற அடுத்த பாகமெல்லாம் தப்பாகும். அதற்காக எத்தனை பையன்களைத் திட்டியிருக்கிறேன்! இப்போது என் சித்தப்பா ஓர் ஆராய்ச்சிக்குள் ஏறி உட்காரப் போகிறார். நாளைக்கு இன்னொரு மருத்துவமனையில் இன்னொரு குடும்பம் அவரை நம்பிக் காத்திருக்கும்.

“அத அடிச்சிடுங்கம்மா. யாரும் வரல” என்றேன்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். நட்சத்திரம், அம்மா, சூளகிரி, கார் எண், எதையும் விடவில்லை.  முடித்ததும் அவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். “இதுக்குன்னு கட்டம் இல்ல சார். மத்தவைன்னு இருக்கு, அதுல எழுதிக்கறேன்” என்றார். கருவியை அணைத்த பிறகு வாசல்வரை வந்து திரும்பி நின்று, “நீங்க நட்சத்திரம்னே சொல்லியிருக்கலாம் சார். யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க. உக்காந்து பேசியிருப்பாங்க” என்று மட்டும் சொன்னார். அதுதான் உண்மை. அந்த ஒருங்கிணைப்பாளர் பெண் எனக்குப் பேச வாய்ப்புக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். நான்தான் அவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பே கொடுக்கவில்லை.

மறுநாளே தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். வெளியே போ என்று சொன்னாலும் போய்விடுவது என்ற முடிவோடுதான் போனேன். சித்தப்பா வருகிறார் என்று நான் சொன்னது பொய் என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் மாமா” என்றாள். “சித்தப்பா காரியத்துக்கு நானும்தான வேலூருக்கு வந்தேன். அந்தப் பொண்ணு வந்து சொன்னப்பவே தெரியும். உங்களுக்குத் தம்பிய விட மனசு வரல, இன்னும் கொஞ்ச நேரம் கூட இருக்கணும்னு கேக்கறீங்கன்னு நெனச்சேன். அதான் சரின்னேன்.”

 இவ்வளவு நாளும் அவள் என்மேல் வைத்திருந்த நல்ல எண்ணத்தையும் அன்று நானே பிடுங்கிப் போட வேண்டியிருந்தது. காரணத்தைச் சொன்னேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். 

“அப்ப அந்த மூணு மணி நேரமும் நீங்க உள்ள வந்து அவர ஒரு தடவகூடப் பாக்கலயே மாமா. அதுக்கு நட்சத்திரமா காரணம்?”

பார்க்கவில்லை. அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. தம்பியின் கை சூடாக இருந்த கடைசி மூன்று மணி நேரம். நான் கேட்டு வாங்கிய நேரம். அதில் ஒரு நிமிடம்கூட அவன் பக்கத்தில் உட்காரவில்லை. மாடிப்படியிலும் கைபேசியிலும் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் கழித்துவிட்டேன்.

அவள் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி, ராகு காலம். எடுத்துக் குடித்தேன்.

இன்றைக்கும் நல்ல நேரம் கேட்டு எனக்குப் போன் வருகிறது. ஒரேயடியாக விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். பார்த்துச் சொல்கிறேன். சொல்வதற்கு முன்னால் மட்டும், அங்கே யாராவது சாப்பிடாமல் காத்துக்கொண்டிருக்கிறார்களா என்று கேட்கிறேன். இவருக்கு என்ன ஆயிற்று என்று சிரிக்கிறார்கள். அன்றும் நான் அதே கேள்வியைத்தான் கேட்டேன், சாப்பாடு ஆயிற்றா என்று. இல்லை என்ற பதிலைக் காதால் கேட்டுவிட்டும், மேலே போய்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அந்த என்னை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.